கொண்டல் – காண்க

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்வதுதான் நேர்மை.

சிதம்பரத்தில் காலை பாசஞ்சரில் ஏறி ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தேன். கிள்ளை வருவதற்குள் கண் சொருகிவிட்டது. எனக்கு ரயில் என்றாலே தூக்கம்தான். எழுதுகிறவன் வழியெல்லாம் வேடிக்கை பார்ப்பான் என்று நினைப்பவர்கள் மன்னிக்கவேண்டும். பரங்கிப்பேட்டைக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் எங்கேயோ, எதிர் சீட்டில் ஒரு பெண்குரல் போனில் சொன்னது:

"அந்தப் பொண்ணு பேரை நான்தாங்க போட்டன். யாரும் போடச் சொல்லல. அப்படிப் போடறதுதான் முறைன்னு போட்டன்."

அப்புறம் வண்டிச் சத்தம். மறுபடி கண்ணைத் திறந்தபோது எதிர் சீட் காலியாக இருந்தது. இறங்கிவிட்டாளா, அப்படி ஒருத்தி ஏறவே இல்லையா என்று இன்றுவரைக்கும் தெரியாது. என் கனவில் வருகிறவர்கள் யாரும் இதுவரை 'முறை' என்றெல்லாம் பேசியதில்லை. அதனால் நிஜம் என்றே வைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று வாக்கியம்தான் கையிருப்பு. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு, பெயர்கள் உட்பட. கடலூர் செம்மண்டலம் பக்கம் ஒரு கல்லூரி என்று எழுதப்போகிறேன், தேடிக்கொண்டு போகாதீர்கள். ஒரு மீனவர் குப்பமும் வரும். அதன் பெயரைக் கடைசிவரை சொல்லமாட்டேன். பெயரைப் போட்டதால் என்ன ஆனது என்பதுதான் கதையே.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"நூலகர் காசிநாதன் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே…" [வேண்டாம். ரெண்டு பக்கம் எழுதின பிறகும் மனிதர் துடைத்துக்கொண்டேதான் இருந்தார். வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். பழைய டிராஃப்டில் இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பாவம்.]

"வங்காள விரிகுடாவின் நீலப் பரப்பில்…" [அடித்துவிட்டேன். கடலூரில் யாரும் கடலைக் காட்டி வங்காள விரிகுடா என்று சொல்லி நான் கேட்டதில்லை.]

"நாற்பத்தெட்டு மாணவர்களும் மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஒரே கட்டுரையை எழுதியிருந்தார்கள்."

இது பரவாயில்லை. இங்கிருந்தே போவோம்.

நாற்பத்தெட்டு மாணவர்களும் மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஒரே கட்டுரையை எழுதியிருந்தார்கள். ஒருத்தன் இணையத்திலிருந்து எடுத்திருந்தான், மற்ற நாற்பத்தேழு பேரும் அவனிடமிருந்து எடுத்திருந்தார்கள். எல்லாத் தாளிலும் மூன்றாவது பத்தி 'ராஜஸ்தானில் வாழும் நாங்கள்' என்று ஆரம்பித்தது. பொதுத்தமிழ் எடுக்கும் உதவிப் பேராசிரியர் இளவரசு முதலில் சிரித்தான். இருபதாவது தாளுக்கு மேல் சிரிப்பு வரவில்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போய் நூலகர் அமராவதியின் மேசையில் போட்டான்.

"மேடம், இதுங்களுக்குச் சொந்தமா ஒரு வரி எழுத வராதா?"

அமராவதி நாலைந்து தாளைப் புரட்டிப் பார்த்தாள்.

"வரும் சார். ஆனா யாரு படிக்கப்போறா? நீங்க ஒருத்தரு படிப்பீங்க, டிக் போடுவீங்க, கட்டி பீரோல வெச்சிடுவீங்க. அதுக்கு எதுக்கு அதுங்க மெனக்கெடணும்? நாலு பேரு படிக்கற மாதிரி ஒரு எடம் குடுத்துப் பாருங்க."

அப்படித்தான் வகுப்புக்கு ஒரு வலைப்பூ வந்தது.

3

அமராவதிக்கு நாற்பத்தாறு வயது. வீடு சிதம்பரத்தில். பத்தொன்பது வருஷமாகத் தினமும் ரயிலில் வந்து போகிறாள். எந்தப் பொருளையும் அதற்கான இடத்தில் வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டு அடுப்படியில் மளிகை டப்பாக்கள்கூட அகரவரிசையில் இருக்கும். அவள் வீட்டுக்காரருக்கு ஒரு காபி போடவேண்டுமென்றால் அரிச்சுவடியை முழுக்க ஒப்பிக்கவேண்டும்.

[அவளை நான் கொஞ்சம் கிண்டல் செய்கிறேன். பிடித்தவர்களைத்தான் கிண்டல் செய்ய முடிகிறது.]

வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பு நூலகத்தில் நடந்தது. எழுதுவதை இளவரசு பார்த்துக்கொண்டான். மற்றதெல்லாம் அமராவதி. இணையத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, எடுத்ததை எங்கிருந்து எடுத்தோம் என்று எப்படிச் சொல்வது, ஒரு பதிவுக்கு என்ன குறிச்சொல் கொடுத்தால் தேடுகிறவன் கண்ணில் படும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு பதிவின் கீழேயும் 'இதைப் படித்தவர்கள் நம் நூலகத்தில் எடுக்கவேண்டியவை' என்று மூன்று புத்தகங்களைக் குறித்துவைப்பாள். கிரிக்கெட் பந்து ஏன் வளைகிறது என்று எழுதிய ஒருவன், வாழ்க்கையில் முதல் தடவையாக இயற்பியல் அலமாரிப் பக்கம் போனான். போனவன் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது.

ராஜஸ்தான் ஒரு மாதத்தில் காணாமல் போயிற்று. மங்கலம்பேட்டையிலிருந்து வரும் பூஜா, காலை பஸ்ஸில் தினமும் தன் முன்னால் உட்கார்ந்து தூங்கும் ஐந்து பேருடைய தூக்கத்தைப் பற்றி எழுதினாள். அதை முந்நூறு பேர் படித்தார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் வந்து, தான் தூங்கவில்லை, கண்ணை மூடிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று பின்னூட்டம் போட்டார்.

ஆனால் முதலில் யாரும் எழுதவே முன்வரவில்லை. கூச்சம். அதற்கு இளவரசு ஒரு வழி கண்டுபிடித்தான்.

"ஆளுக்கு ஒரு புனைபெயர் வெச்சிக்குங்க. நெஜப் பேரு எனக்கும் மேடத்துக்கும் மட்டும்தான் தெரியும். வேற யாருக்கும் போவாது."

இரண்டாம் ஆண்டு வணிகவியல் படிக்கும் மோகனப்பிரியா தனக்குக் 'கொண்டல்' என்று பெயர் வைத்துக்கொண்டாள். கிழக்கேயிருந்து வீசும் காற்றுக்கு அவள் குப்பத்தில் அதுதான் பெயர். அப்பா சின்னையன் கடலுக்குப் போகிறவர்.

4

கொண்டல் எழுதிய பதிவை இங்கே அப்படியே தருகிறேன். [நான் எழுதியதுதான். ஆனால் எழுதும்போது நான் எழுதுவதாகத் தோன்றவில்லை. மத்தியான வெயில், சாப்பிட்ட மயக்கம், பக்கத்து வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். எழுந்து பார்த்தால் ஒரு பக்கம் முடிந்திருந்தது.]

*எங்க வீட்ல மார்கழியிலும் ஃபேன் அஞ்சுலதான் ஓடும். அப்பா கடலுக்குப் போயிட்டு வந்து மத்தியானம் தூங்குவாரு. அம்மா போர்வையைப் போத்திக்கும். நான் காதுல துணி கட்டிப்பன். அப்பா மட்டும் வெறும் உடம்போட படுத்திருப்பாரு. குளுர்ல நடுங்கும். ஆனா ஃபேனைக் கொறைக்க விடமாட்டாரு. வேர்க்குதும்பாரு. நானும் நம்பிக்கினு இருந்தன்.*

*ஒருநாள் மத்தியானம் கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுச்சு. கடல் சத்தம் வீட்டுக்குள்ள வந்துச்சு. அப்பா எழுந்து உக்காந்துட்டாரு. செவுத்தைப் பிடிச்சிக்கினு உக்காந்திருந்தாரு. என்னப்பான்னு கேட்டன். ஒண்ணும் இல்ல, வேர்க்குதுன்னாரு.*

*அப்பாவுக்குக் கடல்னா பயம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிது. அதுக்கப்புறம் எல்லாமே தெரிஞ்சிது. வலை பின்னும்போது கடலுக்கு முதுகு காட்டித்தான் உக்காருவாரு. இடுப்பு வலின்னு சொல்லி மாசத்துல பாதி நாள் கரையிலயே வேலை பாப்பாரு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி எஞ்சின் நின்னு போயி ஒரு பகல் முழுக்க நடுக்கடல்ல கெடந்தாங்க. அன்னிக்கி வந்த பயம்னு நெனைக்கிறன். மீதிப் பாதி நாளு போறாரு. பயந்துக்கினே போற ஆளு எனக்குத் தெரிஞ்சி அவரு ஒருத்தருதான். வந்ததும் 'காலேஜ் போனியா'ன்னு கேப்பாரு.*

*எனக்கு ஒரு கனவு வரும். கடல் இருக்கும், சத்தம் இருக்காது. அப்பா கடலைப் பாத்து உக்காந்திருப்பாரு. அவ்ளோதான் கனவு.*

அமராவதி இதைச் சாப்பாட்டு வேளையில் படித்தாள். டப்பாவைத் திறந்தவள் மூடி வைத்துவிட்டாள். வழக்கம்போலக் கீழே புத்தகம் குறிக்கவேண்டும். காற்றுகளைப் பற்றி ஒன்று, தூக்கத்தைப் பற்றி ஒன்று. மூன்றாவதற்கு என்ன போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டோடு விட்டாள்.

5

இனி அவள் செய்த தவறு.

நூலகத்தில் ஒரு முறை உண்டு. எழுத்தாளர் ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்தால் வாசகர் எந்தப் பெயரைத் தேடிக்கொண்டு வருவார் என்று சொல்ல முடியாது. எந்தப் பெயரில் வந்தாலும் வெறுங்கையோடு திரும்பக்கூடாது. அதனால் புனைபெயருக்கு ஒரு அட்டை போட்டு, அதில் 'காண்க' என்று எழுதிப் பக்கத்தில் இயற்பெயரைக் குறிப்பார்கள். அமராவதி வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து அப்படி நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறாள். இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வலைப்பூவில் இருநூறு பதிவு ஆனபோது, யார் எழுதியது எங்கே இருக்கிறது என்று ஒரு அகரவரிசைப் பக்கம் போட்டால் நன்றாக இருக்குமே என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் இருநூறு எழுதிவிட்டார்கள் என்ற சந்தோஷம்தான் காரணம். சனிக்கிழமை நூலகத்தில் ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். அ-வில் ஆரம்பித்தாள். கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. க-வுக்கு வந்தபோது ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கொண்டல் – காண்க: மோகனப்பிரியா, சி.

வகுப்பில் இன்னொரு மோகனப்பிரியா இருந்தாள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிரித்துக் காட்டவேண்டும், அதுவும் முறை. அதனால் பக்கத்திலேயே ஊர்ப் பெயரையும் போட்டாள். பப்ளிஷ் கொடுத்தாள். திருத்தமான வேலை. அன்று ரயிலில் சிதம்பரம் வரைக்கும் நிம்மதியாகத் தூங்கினாள்.

[அடிக்குறிப்பு: இந்தத் தவறு எனக்குத் தோன்றிய நிமிஷத்தில் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டேன். கெட்டவன் யாருமே இல்லாமல் ஒரு கெட்டது நடக்கிறதே, எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அப்புறம் மோகனப்பிரியாவை நினைத்தேன். கை தட்டியதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.]

6

மோகனப்பிரியாவுக்கு அரசு என்று ஒரு மாமன் மகன். அவள்மேல் அவனுக்கு ஆசை. சொன்னதில்லை. வேலை இல்லாத மத்தியானங்களில் போனில் அவள் பெயரை அடித்துப் பார்ப்பான். ஊர்ப் பெயரையும் சேர்த்து அடிப்பான். எதுவும் வராது. வராது என்று தெரிந்தேதான் அடிப்பான். அந்தத் திங்கட்கிழமை அவள் பெயர் வந்தது.

பதிவைப் படித்ததும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த சேக்காளியிடம் காட்டினான். "பாருடா மச்சான், எம்மா அழகா எழுதியிருக்கா!" சேக்காளி எழுத்தைப் பார்க்கவில்லை, விஷயத்தைப் பார்த்தான். சாயந்தரத்துக்குள் குப்பத்து வாட்ஸாப் குழுவில் அது சுற்றியது.

மறுநாள் சின்னையன் கரையில் வலையோடு உட்கார்ந்தபோது, "மச்சான், கடல் வருது! சீக்கிரம் முதுகைத் திருப்பிக்க!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் படகுக்காரர், "நீ கொஞ்ச நாளைக்கு வீட்ல இரு மாமா, ஒடம்பைப் பாத்துக்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

மோகனப்பிரியா அமராவதிக்கு ஒரே ஒரு தடவை போன் செய்தாள்.

"நீங்க காட்டிக் குடுத்துட்டீங்க மேம்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் போன் அணைந்துவிட்டது. அண்ணாகிராமத்தில் முந்திரி உடைக்கப் போகும் சித்தி விருத்தாம்பாள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பூஜா வந்து சொன்னாள். ஒன்பது நாளாகக் கல்லூரிக்கு வரவில்லை. ஏற்கெனவே காய்ச்சலில் போன நாட்கள் வேறு. இன்னும் ஆறு நாள் வராவிட்டால் வருகைப்பதிவு குறைந்துவிடும், தேர்வு எழுத முடியாது.

அகரவரிசைப் பக்கத்தை, போன் வந்த அன்றே அமராவதி எடுத்துவிட்டாள். எடுத்து என்ன? ரயிலில் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் தான் எழுதிய அட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன.

7

[இளவரசுவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் டிராஃப்டில் எல்லாப் பழியையும் அவன்மேல்தான் போட்டிருந்தேன். 'பேரைப் போடுங்க மேடம், ஆதாரம் வேணும்' என்று அவனைச் சொல்லவைத்திருந்தேன். அப்படி எழுதினால் அமராவதி தப்பிவிடுவாள். ஆனால் ரயிலில் கேட்ட குரல் 'யாரும் போடச் சொல்லல' என்றதே. அவள் தப்பிக்கப் பார்க்கவில்லை. நான் யார் அவளைத் தப்பவிட? அதனால் இளவரசுவை நல்லவனாகத் திருத்தினேன். நல்லவன் என்றாலும் கொஞ்சம் அவசரக்காரன்.]

"போஸ்ட்டையே தூக்கிடலாம் மேடம்," என்றான் இளவரசு. "ஒரு கிளிக். பிரச்சினை முடிஞ்சிது."

"அவ எழுதினது சார் அது. அவளைக் கேக்காம ஒருவாட்டி பேரைப் போட்டன். இப்ப அவளைக் கேக்காம எடுக்கவும் சொல்றீங்களா?"

"அவதான் போனே எடுக்கலியே."

"எடுக்கற வரைக்கும் இருக்கட்டும்."

8

பத்தாவது நாள் காலை பதினோரு மணிக்குச் சின்னையன் நூலகத்துக்கு வந்தார்.

(சண்டை வரும் என்று நினைத்து நான் பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். ஒரு நாற்காலியைக்கூட அவர் பக்கத்தில் போட்டிருந்தேன், தள்ளிவிட வசதியாக.)

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். துவைத்த வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. அலமாரிகளை அண்ணாந்து பார்த்தார்.

"மோகனா எழுதுனது இங்கதான் இருக்குதாம்மா?"

அமராவதிக்கு யார் என்று புரிந்துவிட்டது. எழுந்து நின்றாள். "உக்காருங்கண்ணே. அவ பேரைப் போட்டது நான்தான். உங்ககிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னே தெரியல."

"ம். மோகனா சொல்லிச்சி." நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "ஏம்மா போட்ட?" என்றார். கோபம் இல்லை, கேள்விதான்.

"அப்படிப் போடறதுதான் எங்க முறைண்ணே. யோசிக்காம போட்டுட்டன்."

சின்னையன் தலையை ஆட்டினார். "எங்கள்லயும் அப்படித்தான். கடலுக்குப் போவ பயம்மா இருக்குதுன்னு சொல்றது மொறை இல்ல. நானும் யோசிக்காம இடுப்பு வலின்னு சொல்லிட்டன். ஆறு வருஷம் ஓடிப்போச்சி."

அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ரொம்ப நேரமாவும். செல்லுல அவனுங்க படிச்சிக் காட்டுனானுங்க. சிரிச்சிக்கினே படிச்சானுங்க. சிரிக்காத ஒருத்தரு படிச்சிக் கேக்கணும்னு தோணிச்சி. நீ படிக்கிறியா?"

அமராவதி படித்தாள். நூலகத்தில் வேறு யாரும் இல்லை. பாதியில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தாள். 'அவ்ளோதான் கனவு' என்பதோடு நிறுத்தினாள். சின்னையன் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"நல்லா எழுதியிருக்கா, இல்ல?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காண்ணே."

"இடுப்புல தைலம் தேச்சி வுடும் அவ அம்மா. ஆறு வருஷமா. வலியே இல்லாத எடத்துல. இப்ப அந்த ரோதனை இல்ல." சிரித்தார். அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "ஒரு எடத்துல மட்டும் தப்பும்மா."

"எங்கண்ணே?"

"எஞ்சின் நின்ன அன்னிக்கி வந்த பயம்னு எழுதியிருக்கா. அன்னிக்கி வரல."

"அப்ப எப்ப வந்திச்சி?"

"அதை அவகிட்டதாம்மா சொல்லணும்."

9

அண்ணாகிராமத்துக்கு அவர் ஏற்கெனவே ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார். மோகனப்பிரியா உள்ளறையை விட்டு வரவில்லை. விருத்தாம்பாள் பலாச்சுளை கொடுத்து உட்காரவைத்தாள். கதவுக்கு வெளியே நின்று, "எனக்குக் கோவம் இல்ல மோகனா" என்று சொல்லிப் பார்த்தாராம். "பொய் சொல்லாதப்பா" என்று உள்ளேயிருந்து பதில் வந்ததாம்.

"நான் வாயால சொன்னா சமாதானத்துக்குச் சொல்றன்னு நெனைக்கிறா. இத்தினி வருஷம் பொய் சொன்ன வாய் ஆச்சே. அவ எழுதுன எடத்துக்குக் கீழ யார் யாரோ எழுதியிருக்காங்களே, அங்க நான் எழுதலாமா?"

"தாராளமா எழுதலாம்ணே. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறன்."

அவர் சொல்ல அவள் அடித்தாள். நாலு வரி. அரை மணி நேரம் ஆனது. ஒரு வரியைச் சொல்லிவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை, "இல்ல, அதை எடுத்துடு" என்றார். எடுத்தாள். "இல்ல, போடு" என்றார். போட்டாள். மூன்றாவது வரியில் பயம் எப்போது வந்தது என்று இருந்தது. அதை அடிக்கும்போது அமராவதிக்கு எழுத்துகள் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள்.

"பேரு என்னன்னு போடட்டும்ணே? வேற பேரு கூட வெச்சிக்கலாம்."

"சின்னையன்னே போடு."

போட்டு அனுப்பினாள். 'உங்கள் பின்னூட்டம் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று திரையில் வந்தது. அந்தந்தப் பதிவுக்கு வரும் பின்னூட்டத்தை, பதிவை எழுதியவர்களே பார்த்து அனுமதிக்கவேண்டும் என்று இளவரசு அமைத்திருந்தான். அமராவதியாலும் அனுமதிக்க முடியும். நிர்வாகிகளில் அவளும் ஒருத்தி.

"இன்னும் வரலியேம்மா?"

"மோகனா பாத்து சரின்னு சொன்னாதாண்ணே வரும். அவ மெயிலுக்குத் தகவல் போயிருக்கும்."

"நீ சொல்ல முடியாதா?"

"முடியும்."

ஒரு தட்டு. சின்னையனின் நாலு வரி அந்த நிமிஷமே உலகத்துக்குத் தெரிந்துவிடும். பூஜா படிப்பாள், அரசு படிப்பான், குப்பத்து வாட்ஸாப்பில் சிரித்தவர்கள் எல்லோரும் படிப்பார்கள். படித்தால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அமராவதிக்கும் தோன்றவில்லை. எல்லாம் ஒழுங்காகிவிடும். அவள் மவுசில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லமாட்டண்ணே."

சின்னையன் அவள் மடியில் இருந்த கையைப் பார்த்தார். "சரி. இருக்கட்டும்," என்றார்.

பூஜாவிடம் சொல்லி, விருத்தாம்பாள் போனுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பச் சொன்னாள் அமராவதி: உன் பதிவுக்கு ஒரு பின்னூட்டம் வந்திருக்கிறது, நீ பார்த்தால்தான் உண்டு.

10

இதற்குப் பிறகு எழுதிப் பார்த்தவை:

மறுநாள் காலை முந்திரிக்கொட்டை வாசத்துக்கு நடுவில் மோகனப்பிரியா போனைத் திறக்கிறாள். படிக்கிறாள். பண்ருட்டி வழியாகக் கடலூர் பஸ்… [எனக்கே திகட்டியது. பஸ் வரும் வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்தினேன்.]

அவள் திறக்கவே இல்லை. ஆறு நாளும் போய்விட்டது. அமராவதி தினமும் காலையில் வந்ததும்… [இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.]

சின்னையன் கடலைப் பார்த்துத் திரும்பி உட்காருகிறார். அலை… [பொய். ஆறு வருஷப் பயம் நாலு வரி சொன்னதும் போய்விடுமா? மனிதர் இன்றைக்கும் முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பு வலி என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.]

நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். "முடிவு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்," என்றார். "அந்த நாலு வரி என்ன? அதைச் சொல்லாவிட்டால் வாசகனை ஏமாற்றியதாக ஆகும். பயம் எப்போது வந்ததாம்?"

11

எனக்குத் தெரியும். எழுதியவன் நான்தானே. என் மேசையில் தனித்தாளில் இருக்கிறது, மேலே ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இரண்டு டிராஃப்ட்களில் அதை இந்த இடத்தில் போட்டும் இருந்தேன். நன்றாகவே இருந்தது. உங்களுக்கும் கண் கலங்கியிருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு நல்ல கதை என்று சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் அது உங்களுக்கு எழுதியது இல்லை. இவ்வளவு பெயர்களை வைத்து, ஒரு வீட்டின் மத்தியானத் தூக்கம் வரைக்கும் உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டேன். அமராவதி அறியாமல் செய்ததை நான் அறிந்தே செய்திருக்கிறேன். இந்த ஒன்றையாவது அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.

இன்றைக்கு நிலவரம் இதுதான். ஆறு நாளில் ஒன்று போயிற்று. அண்ணாகிராமத்தில் சித்தி வேலைக்குப் போயிருக்கிறாள். மோகனப்பிரியா தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அதன் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரிகிறது. அதற்கு மேல் எட்டிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவள் சரி என்று சொன்னால் அவள் அப்பா சொன்னது இங்கே வரும். இடம் விட்டு வைத்திருக்கிறேன்:

சின்னையன்: [                                                    ]

வராவிட்டால், அதையும் அவள் சொன்ன பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.